இறக்கையில் வைத்த சந்தனம்

சிங்காரம் அண்ணன் காலமான செய்தி வந்தபோது, நான் ஒரு பெரியவரின் முகத்தில் புதுக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். போனில் பேசியவர் அவருடைய மனைவி காளியம்மாள் அக்கா. "அண்ணன் விடியக்காலையில போயிட்டாரு தாயி. கடையில சொல்லிரு" என்றார். பெரியவர் "காது வலிக்குதும்மா" என்ற பிறகுதான் கையை எடுத்தேன்.

அறந்தாங்கியில் நாங்கள் வேலை பார்த்த கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் பலரும் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பூட்டித் தருபவர் அவர். முன்னால் நின்று வாயடித்தவள் நான்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவர் விமானம் செய்வார். உள்ளங்கையில் அடங்கும் இரட்டை இறக்கை விமானம். ஊதுவத்திக் குச்சியைச் சீவி எலும்புக்கூடு. அதன்மேல் நகைக்கடையில் மோதிரம் மடித்துத் தரும் ரோஸ் தாள். சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான். மேல் இறக்கை எட்டுக் குச்சிக் கால்களில் நிற்க வேண்டும். ஒரு கால் மயிரிழை கூடினாலும் இறக்கை சாய்ந்துவிடும். பிறகு மீமிசலில் வாங்கிய மெல்லிய தூண்டில் நரம்பை இரண்டு இறக்கைக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார். ஒன்றை இழுத்தால் எதிர்ப்பக்கம் தொய்யும். அதை இழுத்தால் ஒரு கால் பிடுங்கிக்கொள்ளும்.

"சம்பந்தி வீட்டுக்காரவுகளச் சமாளிக்கிற மாதிரி, தங்கச்சி. இங்கிட்டு இழுத்தா அங்கிட்டுக் கோவிச்சுக்கும்" என்பார்.

"இம்புட்டு மெனக்கெடுறீங்களே அண்ணே, இதுல கொசுவா ஏறிப் போகப்போகுது?" என்று கேலி செய்வேன்.

"கொசுவுக்குச் சொந்த ரெக்கை இருக்கு" என்பார், நிமிராமலே.

ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வார். "ரெக்கையைப் பலகையில குத்தி வச்சிருக்கப்ப தாள்ல ஈரம் பட்டா நல்லா இறுகும். கழட்டுன பெறகு பட்டா ரெக்கை முறுக்கிக்கும்." நான் காதில் வாங்கிக்கொண்டால்தானே.

எட்டு மாதம் செய்த ஒரு விமானத்தைப் பார்த்துவிட்டு முதலாளியே அசந்துபோனார். ஆயுத பூஜை முடிந்ததும் அதைக் கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாகச் சொன்னார். அண்ணன் அன்று விசில் அடித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

பூஜையன்று அவர் ஊருக்குப் போயிருந்தார். லென்ஸ் தேய்க்கும் மெஷின், கால்குலேட்டர், கல்லாப்பெட்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த நான், அந்த விமானத்தின் மேல் இறக்கையிலும் இரண்டு பொட்டு வைத்தேன். நல்ல எண்ணத்தில்தான் வைத்தேன். பிறகு, திட்டுவாரோ என்று பயந்து ஈரத்துணியால் துடைத்தேன். கறை தெரியவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், மேல் இறக்கை பொரித்த அப்பளம் போல முறுக்கிக் கிடந்தது. அண்ணன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தன் விரல்களை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார்.

"குச்சிக் காலை வெட்டுனதுல கோட்டை விட்டுட்டேன் போல, தங்கச்சி. கையி நடுங்க ஆரம்பிச்சிருச்சு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். முதலாளி பக்கத்தில் நின்றார். கடையில் எல்லாரையும் அதட்டுகிற வாய் எனக்கு, அன்று திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் அவர் கத்தி, நரம்பு, தாள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அடுத்த வாரம், சின்ன ஸ்க்ரூ வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் அவரே கேட்டுக்கொண்டார். அதன் பிறகு சொல்ல எனக்கு முகம் இல்லை. அவர் வேலையை விட்டு நின்ற பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் தானே கூப்பிட்டு விசாரிப்பார். நான் அவசரமாகப் போனை வைப்பேன்.

காரியத்தன்று வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா அந்த டின்னைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

"கையி நடுங்குதுன்னு இதத் தொடவே மாட்டேன்னுட்டாரு. ஆனா, எனக்கு ஊசியில நூல் கோத்துத் தர்றது கடைசி வரைக்கும் அவருதான், தாயி" என்றார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா டின்னை மூடினார். திட்டவில்லை.

"அவரு இருக்கையில சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார்.

அண்ணே, எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டேன். உங்கள் கை நடுங்கவே இல்லை. எட்டுக் கால்களும் சரியாகத்தான் இருந்தன. போய் வாருங்கள்.