ஆப்ரிகாட் மரத்தை நம்பி வாங்கிய வீடு

எங்கள் தெருவில் வெர்னாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவள் போடும் ஆப்ரிகாட் ஜாமைப் பற்றிச் சொல்வார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவள் வீடு வாங்கி ஏமாந்த கதையைச் சொல்வார்கள். ஜாமைப் பற்றிச் சொல்வது உண்மை. மற்றதில் பாதி தப்பு. நான் எதிர் வீட்டுக்காரி, எனக்குத் தெரியும்.

பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஹோபார்ட்டில் ஜனவரி கோடை, ஜூன் நடுக்குளிர்காலம். இங்கே வீடு வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஜூன் மாதத்தில் வெயில் வருமா? கூரை ஒழுகினால் மாற்றிக்கொள்ளலாம். சமையலறை பிடிக்காவிட்டால் இடித்துக் கட்டலாம். மேட்டை யாரும் தள்ளி வைக்க முடியாது. எங்கள் தெரு மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. வடக்கே உயரமான மேடு. குளிர்காலத்தில் சூரியன் வடக்கே தாழ்ந்துபோய், அந்த மேட்டுக்குப் பின்னாலேயே பகல் முழுவதையும் ஓட்டிவிடும். என் வீடு தெருவின் மேல் பக்கம் என்பதால் மத்தியானம் கொஞ்ச நேரம் வாசலில் வெயில் விழும். எதிரே ஓடைப் பக்கத்து வீடுகளுக்கு மே மாதம் போன வெயில் ஜூலைக் கடைசியில்தான் திரும்பி வரும். அது திரும்பும் நாளில் நாங்கள் ரோட்டில் அடுப்பை வைத்து சாசேஜ் சுட்டுத் தின்போம். வேறு எந்தத் தெருவிலும் இப்படிச் செய்வதாகத் தெரியவில்லை.

வெர்னா இதெல்லாம் தெரியாதவள் இல்லை. இதே ஊரில் பிறந்தவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். கூட வேலை செய்யும் பெண்கள் வீடு பார்க்கக் கிளம்பினால், "ஜூன்ல போய்ப் பாருடி, ஜனவரியில எல்லா வீடும் அழகாத்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்புவாள். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன அவள், தன் வீட்டை ஜனவரியில்தான் வாங்கினாள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமானதிலிருந்து வாடகை வீடு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏஜென்ட் வந்து அடுப்பைத் திறந்து பார்ப்பான், சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று கையால் தடவிப் பார்ப்பான். அவன் போன பிறகு வெர்னா அந்தச் சுவரையே ஒரு முறை துடைப்பாளாம். கடைசியாக இருந்த வீட்டையும் சொந்தக்காரர் விற்றுவிட்டார். பிப்ரவரிக்குள் காலி செய்தாக வேண்டும். புருஷன் அலெக் நண்டுப் படகில் உழைத்தவர். தெற்குக் கடலின் குளிர் மூட்டுக்கு மூட்டு இறங்கி, அறுபது வயதில் சட்டைப் பித்தானைப் போடக்கூட அவருக்கு ஆள் வேண்டும். புது வீட்டில் அவர் கேட்டது ஒன்றுதான்: "வெயில் விழற இடத்துல ஒரு நாற்காலி. மத்தபடி குதிரை லாயமா இருந்தாலும் எனக்குச் சரி."

அந்த ஜனவரியில் என் எதிர் வீடு விலைக்கு வந்தது, ஒரு சனிக்கிழமை பார்வைக்குத் திறந்து வைத்தார்கள். அப்படித் திறந்தால் வாங்க வருகிறவர்கள் நாலு பேர், அக்கம்பக்கத்திலிருந்து வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பத்துப் பேர். பக்கத்து வீட்டுக்காரன் குளியலறையில் என்ன டைல்ஸ் போட்டிருக்கிறான் என்று பார்க்க வேறு எப்போது வாய்ப்புக் கிடைக்கும்? நானும் போயிருந்தேன். பின்பக்கம் ஆப்ரிகாட் மரம், கிளை தரையைத் தொடுகிற அளவுக்குக் காய்த்துக் கிடந்தது. அதன் கீழே ஒரு அம்மாள் பழத்தைக் கடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் வெர்னா.

"இது ஓடைப் பக்கமாச்சே. ஜூன்ல எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா?" என்றேன்.

"யோசிக்காம இருப்பேனா? நானே நாலு பேருக்குச் சொல்றவ. ஆனா இதைப் பாருங்க. ஆப்ரிகாட் வெயில் இல்லாத இடத்துல இப்படிக் காய்க்குமா? ஏஜென்ட் பொய் சொல்லுவான். மரம் பொய் சொல்லாது."

"மரம் குளிர்காலத்துல தூங்குமே."

அவள் சிரித்தாள். "நீங்க இந்த வீட்டை வாங்க வந்திருக்கீங்களா? எங்களை விரட்டப் பார்க்கறீங்களா?"

நான் டைல்ஸைப் பார்க்கப் போனேன்.

மரம் பொய் சொல்லவில்லை. கோடையைப் பற்றி மட்டும் சொன்னது. ஆப்ரிகாட்டுக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிர்தான் வேண்டும், வெயில் வேண்டாம். அவர்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் அது இலையை உதிர்த்துவிட்டு நிம்மதியாக நின்றது. அலெக்தான் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் மூன்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மேட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடித்தது. எல்லா வீட்டு விறகடுப்புப் புகையும் பள்ளத்தில் இறங்கி அவர்கள் ஜன்னலில் வந்து நின்றது. வெர்னா ராப்பகலாக விறகு போட்டாள். அலெக்கின் விரல்கள் இரண்டு மாதமும் மடங்கியபடியே இருந்தன.

ஒரு மத்தியானம் நான் போய், "என் வாசல்ல இப்ப வெயில் விழுது. அலெக்கைக் கூட்டிட்டு வா. ஒரு நாற்காலி போட எனக்கு என்ன செலவு?" என்றேன்.

அவள் முகம் கறுத்துவிட்டது. "ஹேசல், நீ நல்ல மனசோடதான் கூப்பிடறே. ஆனா அடுத்தவங்க இடத்துல உக்காந்தது எனக்குப் போதும். மறுபடி அப்படி உக்காரவா வீடு வாங்கினேன்?"

உள்ளிருந்து அலெக்கின் குரல் வந்தது. "அவ வரமாட்டா ஹேசல். என்னை வேணா தூக்கிட்டுப் போயிடு."

"நீ சும்மா இரு," என்றாள் வெர்னா.

இரண்டாவது குளிர்காலமும் அப்படியே போனது. நான் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். அப்புறம் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. எதிரெதிர் வாசலில் நின்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம். அவள் மேல் எனக்குக் கோபம்தான். சொந்த வீட்டு வீம்புக்கு அந்த மனுஷன் ஏன் நடுங்க வேண்டும்?

மூன்றாவது கோடையில் வீட்டை விற்றுவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில், நாள் முழுக்க வெயில் அடிக்கும் பக்கம் போய்விடுவதென்று அவளே முடிவு செய்தாள். ஏஜென்ட் ஜாரட் சின்ன வயசுக்காரன், ஷூவில் முகம் பார்க்கலாம். "ஜனவரியில திறப்போம் வெர்னா. பழத்தைப் பறிச்சிடாதீங்க. பாதி வியாபாரத்தை அந்த மரமே முடிச்சுக் கொடுத்துடும்," என்றானாம். ரொம்ப நாள் கழித்து வெர்னா இதை என்னிடம் சொன்னபோதும் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வழக்கம்போல நான் போனேன். பழைய கூட்டம், பழைய டைல்ஸ். வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் வெளியே போய்விடுவதுதான் வழக்கம். ஆனால் அலெக்கால் அதிக தூரம் நடக்க முடியாததால் இருவரும் பின்பக்கம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். ஜன்னலோரம், வெயிலில், அலெக் உட்காரும் அதே இடத்தில் நிறுத்தினாள்.

"அம்மா, நீ இங்கயே உக்காந்துக்கலாம். நாள் பூரா வெயில் வரும் பாரேன்."

கிழவி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அந்தப் பெண் ஜாரட்டிடம் திரும்பி, "எங்களுக்கு இது பிடிச்சிருக்கு. இன்னைக்கே பேசிடலாம்," என்றாள்.

திறந்திருந்த ஜன்னல் வழியாக வெர்னா இதைக் கேட்டாள். எழுந்தாள். அலெக் அவளைப் பார்த்தார். அவள் உள்ளே வந்து, அந்தப் பெண்ணின் முன்னால் நின்று, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"ஜூன்ல இங்க வெயில் கிடையாதும்மா. மே போனா ஜூலைக் கடைசிதான். நானும் இதே மாதிரி ஜனவரியில, இதே இடத்துல நின்னு பார்த்துட்டுத்தான் வாங்கினேன்."

ஜாரட் அவசரமாக, "வெர்னா, குளிர்காலம்னா ஊர் பூராவும் அப்படித்தானே..." என்று ஆரம்பித்தான்.

"ஊர் பூராவும் அப்படி இல்லப்பா. அது உனக்கும் தெரியும்."

அந்தப் பெண் மேட்டைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். நன்றி சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் கலைந்தார்கள். ஜாரட் வாசலில் நட்டிருந்த பலகையைப் பிடுங்கிக் காரில் போட்டுக்கொண்டு, யாரிடமும் பேசாமல் கிளம்பினான். அதற்குப் பிறகு அந்த வீட்டை விற்றுத் தர அவன் வரவே இல்லை. வெர்னாவும் வேறு யாரையும் தேடவில்லை.

எனக்கு அன்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் ரோஷம் இரண்டு பக்கமும் இருந்ததே. வீட்டுக்கு வந்து டீ போட்டேன்.

டீ ஆறுவதற்குள் கதவு தட்டப்பட்டது. வெர்னா நின்றாள். கையில் ஒரு வாளி நிறைய ஆப்ரிகாட். ரோட்டுக்கு அந்தப் பக்கம், தன் வாசலில், அலெக் கைத்தடியை ஊன்றி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"ஜூன் மாசத்துக்கு." வாளியைக் கீழே வைத்தாள். நிமிரவில்லை. "உன் வாசல்ல நாற்காலி போட்டுக்கலாம்னு சொன்னியே. இன்னும் இடம் இருக்கா?"

"அலெக்குக்கு எப்பவும் இடம் இருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு நாற்காலி கேக்கறேன், ஹேசல்," என்றாள்.