அண்ணருக்காகத் தேடிய வினைச்சொல்

பொருத்தமான ஓர் ஆங்கில வினைச்சொல் கிடைத்தால் அண்ணர் மனமிரங்கி வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நான் உண்மையாகவே நம்பினேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், என் மனைவி இன்னும் நிறுத்தவில்லை.

மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் லண்டன் என்பதால் அழைப்பிதழின் ஒரு பக்கம் ஆங்கிலம். அடுத்த வளவு வீட்டில் இருக்கும் அண்ணர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்; நல்ல ஆங்கிலம் கண்டால் உருகிப்போவார். எல்லை வேலியை நான் அவர் பக்கம் ஒரு முழம் தள்ளி அடைத்தேன் என்று நான்கு வருடமாகப் பேச்சில்லை. மகளுக்கு ஏடு தொடக்கி முதல் எழுத்து எழுதுவித்தவர் அவர். "பெரியப்பா வராட்டி நான் மணவறையிலை ஏறமாட்டன்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

பத்துப் பகல்கள் சாய்மனைக் கதிரையில் கிடந்து, இரு குடும்பங்களைச் சேர்க்கிற சொல்லைத் தேடினேன்.

"அசெம்பிள் போடட்டோ, பிள்ளை?"

"அது பள்ளிக்கூடத்திலை பிள்ளையளைக் கூட்டிறதுக்கு, அப்பா. இல்லாட்டிக் கட்டில் துண்டுகளைப் பூட்டுறதுக்கு."

"கலெக்ட்?"

"என்னை என்ன, தபால் முத்திரையெண்டு நினைச்சியளோ? யுனைட் எண்டு போடுங்கோ."

யுனைட்! அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லியே கண்ணயர்ந்தேன். அளவெட்டிப் பக்கமிருந்து நாதஸ்வரம் வெயிலில் மிதந்து வந்தது. வேலியில் நட்ட கதியால் கம்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி நடந்துபோயின. இரண்டு வளவும் ஒரே மணலாய் விரிய, அதன்மேல் அண்ணர் சிவப்புப் பேனாவோடு சிரித்தபடி வந்தார்.

அழைப்பிதழ் அச்சானதும் அவர் வீட்டுப் படலைக் கதவில் செருகிவிட்டு ஓடிவந்தேன். ஒரு கிழமை, ஏழு நாளும், ஓர் அசைவும் இல்லை.

"ஏனப்பா, நீங்கள் வாயாலை சொன்னனீங்களோ?" என்றாள் மனைவி.

"கார்ட் குடுத்தன்தானே?"

"கார்ட்டைப் பார்த்து ஆர் இஞ்சை கலியாணத்துக்கு வந்தது? முகம் பார்த்துச் சொல்லவேணும்."

ஊருக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொன்னவன், பக்கத்து வீட்டுக்கு மட்டும் ஆங்கிலத்தை அனுப்பியிருக்கிறேன். வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு மனைவியோடு போனேன்.

"இங்கிலிஸ் பிழையில்லை," என்றார் அண்ணர். "ஆனா நீ வந்து சொல்லேல்லை."

"இப்ப சொல்லுறன் அண்ணை. பிள்ளைக்குக் கலியாணம். எல்லாரும் வாங்கோ."

"உந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளோ?"

கல்யாணத்தன்று அண்ணர் குடும்பத்தோடு வந்தார். தாலி கட்டும்வரை மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றார். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் போனார்.