ஜெர்மனி ஜெயித்திருக்கலாம்

கால்பந்து உலகக் கோப்பை வந்தால் என் அண்ணனுக்குப் பிடித்த அணி என்று ஒன்று கிடையாது. ஆட்டம் தொடங்கியதும், "இதுல எவன்டா தோக்கப்போறான்?" என்று கேட்பான். சொன்னால் உடனே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான். அவன் கோயிலில் குருக்கள். காலையில் அபிஷேகம் செய்த கையில் மாலையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, பெயர்கூட வாயில் நுழையாத ஆட்டக்காரர்களுக்காக என்னோடு மல்லுக்கு நிற்பான்.

கத்தாரில் போட்டி நடந்த வருடம் அவனுக்கு இதயத்தில் அடைப்பு. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே தீபத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு நான்கே நாள். அன்று அவன் கையில் காப்பு கட்டுவார்கள். கட்டிக்கொண்டவர் விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வேறு யாராவது கட்டிக்கொள்ளட்டும் என்று நான் கத்தினேன். அண்ணி அழுதார். அவன் அசையவில்லை.

அன்று சாயங்காலம் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் ஆட்டம். அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஜப்பான் தோத்தா நாளைக்கே உன்கூட வேலூர் வரேன். ஜெயிச்சா காப்பு கட்டிப்பேன். அப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றான்.

அவன் முடிப்பதற்குள் சரி என்றேன். ஜெர்மனியாவது, ஜப்பானிடம் தோற்பதாவது! நினைத்தபடியே ஜெர்மனி முதல் கோல் போட்டது. கார் டிரைவருக்குப் போன் செய்து, "காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க" என்றேன்.

பிற்பாதியில் ஜப்பான் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. எனக்கு என்ன ஆனதோ, துள்ளி எழுந்து கைதட்டினேன். அண்ணனும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப்பார்த்து, "யாரு ஜெயிக்கறா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

கொடியேற்றத்தன்று காலையில் காப்பு கட்டினார்கள். அன்று பிற்பகலே அதே ஜப்பான், முந்தைய ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கியிருந்த கோஸ்டா ரிக்காவிடம் தோற்றது.

"தோத்துட்டாளே அண்ணா, கிளம்பு" என்று கெஞ்சினேன்.

அவன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். "கட்டியாச்சேடா."

தேருக்கு முந்தின நாள் காலை, பூஜைக்குக் கிளம்பியவன் வாசலில் சரிந்தான். வேலூருக்குத்தான் கொண்டுபோனோம். ஆம்புலன்ஸ் ஊர் எல்லையிலிருக்கும் வேங்கிக்காலைத் தாண்டுவதற்குள் போய்விட்டான். காப்போடு அவன் ஊர் எல்லையைத் தாண்டவே இல்லை.

இப்போதெல்லாம் சின்ன அணி ஏதாவது ஜெயித்ததென்றால் ஆபீஸில் கொண்டாடுகிறார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அந்தச் சாயங்காலம் ஜெர்மனி ஜெயித்துத் தொலைத்திருக்கலாம்.

அண்ணி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் நான் கைதட்டியதை அவர் பார்த்தார்.