ஓடாத டர்போவும் கரி பிடித்த பிளக்குகளும்

டர்போ வண்டிக்கு ஸ்பார்க் பிளக் மாட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, பிளக் முனையின் இடைவெளி மயிரிழை கூடினாலும் ஏற்றத்தில் வண்டி விக்கும், பழி நம் தலையில்தான் விழும்.

விக்கல்

இந்தத் தீவில், கராச்சர்மாவில் என் பட்டறை. டெலானிபூரிலிருந்து ஜெரி தன் டர்போ காரைக் கொண்டுவந்தான். பக்கத்தில் அவன் அம்மா பிலோமினாக்கா, எங்கள் தூத்துக்குடிக்காரர். ஏற்றத்தில் மிஸ்ஸிங், விட்டுவிட்டு இழுக்கிறது என்றான். கழற்றிப் பார்த்தால், பொறி பெரிதாக வரட்டும் என்று ஏதோ வீடியோ பார்த்து அவனே பிளக் இடைவெளியை அகட்டி வைத்திருக்கிறான்.

"டர்போ காத்தை அமுக்கித் தள்ளும்ப்பா. அகலமா வச்சா பொறி தாண்ட முடியாம அணைஞ்சிரும்" என்றேன். புது பிளக்குகளை எடுத்து, மெல்லிய முனையில் இடிக்காமல் தகடு செருகி அளந்து, நெருக்கி மாட்டினேன். அக்கா சிரித்தார்: "இவன் சொன்ன பேச்சு கேட்டா நாங்க ஏன் தம்பி இங்க வாரோம்?"

கரி

ஜெரி வேலை கிடைத்து மெயின்லேண்டு போனான். வண்டி வீட்டு வாசலில் நின்றது. சில மாதம் கழித்து, ஸ்டார்ட் ஆகவில்லை என்று அக்கா கூப்பிட்டார். போய்க் கழற்றினால் பிளக் முழுக்கக் கரி. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. தினமும் காலையில் சாவி போட்டு, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைத்துவிடுவாராம்.

"ஓடிச் சூடானாத்தான் கரி எரியும். நின்ன இடத்துல எதுக்குக்கா தினமும் போடுறீங்க?" என்றேன். அக்கா பானெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தச் சத்தம் கேட்டா, அவன் டூட்டிக்குக் கிளம்புற மாதிரி இருக்கு."

எந்த ரகம்

துடைத்து மாட்டிய பிறகும் மறுபடி கரி. நான் ஒரு வழி சொன்னேன். சூட்டைப் பிடித்து வைக்கும் ரக பிளக் போட்டால் நிற்கிற வண்டியில் கரி சேராது. ஆனால் அதோடு ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். மிதிக்க ஆள் இல்லையே, மாட்டிவிடலாமா என்று கேட்டேன்.

அக்கா உள்ளே போய், காபியோடு வந்தார். என் மகளின் படிப்புக்காக அவளும் என் மனைவியும் ஊரில் இருக்கிறார்கள். இங்கே அவர்கள் தலையணைகளுக்கு நான் இன்னும் வாராவாரம் உறை மாற்றுகிறேன். அதனால் அக்கா சொன்னபோது நான் மறுக்கவில்லை: "அவன் வந்தா மிதிப்பான். அவனுக்குத் தோதானதையே மாட்டு."

வாங்க வந்தவர்

கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை, வண்டியை விற்றுவிடுங்கள் என்று ஜெரி போன் செய்தான். அக்கா கேட்டதால் ஒரு பெங்காலி காண்ட்ராக்டரைக் கூட்டிப்போனேன். அவர் ஓட்ட, நானும் அக்காவும் பின்னால் உட்கார்ந்தோம். டெலானிபூர் ஏற்றத்தில் வண்டி ஒரு தடவைகூடத் திணறவில்லை. "தீதி, ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்று அக்காவிடம் சொல்லி, கையோடு விலை பேசத் தொடங்கினார்.

அக்கா இறங்கி, கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "இம்புட்டு நல்லா ஓடுற வண்டிய எவனுக்கோ ஏன் குடுக்கணும்? எனக்கு ஓட்டப் படிச்சுக் குடு."

ஏற்றம்

படித்தார். கோயில் சுவரில் ஒருமுறை உரசினார். லைசென்ஸ் வந்த அன்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மேலே ஏறும்போது ஜெரி போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன். என்ஜின் சத்தம் கேட்டு, "யாரும்மா ஓட்டுறது?" என்றான். அக்கா கியரை மாற்றிவிட்டுச் சொன்னார்: "நான்தாம்ல. நீ எப்ப வாரன்னு மட்டும் சொல்லு, ஏர்போர்ட்டுக்கு நானே வாரேன்."

வண்டி ஓடுவதால் இப்போது கரி பிடிப்பதில்லை, அக்கா என்னைக் கூப்பிடுவதுமில்லை, பட்டறைப் பக்கம் வருவதுமில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டு, வராதவர்களுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நம் தொழில்.