கென்ச்சோ கேட்ட மன்னிப்பு

எங்கள் ஊர் டிராக்டர்காரன் கென்ச்சோ, ஈஸ்டர் நோன்புக்கு முந்தின ஞாயிறு, ஊர் வழக்கப்படி மன்னிப்பு கேட்க, எல்லாரையும்போல வீடு வீடாக வருவான். "மன்னிச்சிடுங்க" என்று பொதுவாகச் சொல்வான். "கடவுள் மன்னிப்பார்" என்று நாங்கள் பதில் சொல்வதற்குள் சீஸ் அப்பத்தில் கை வைத்துவிடுவான். வருஷா வருஷம் இதே கூத்துதான்.

இந்த வருஷம் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணே, உங்க பிளம் மரத்த டிராக்டர விட்டுச் சாய்ச்சது நான்தான்."

"அடப்பாவி! காத்துல விழுந்துச்சுன்னுல்ல நெனச்சேன். இப்ப எதுக்குடா சொல்ற?"

"பொத்தாம்பொதுவா மன்னிப்பு கேட்டுட்டுப் போனா, ஜெபம் பண்ண வாய் வரமாட்டேங்குதுண்ணே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது அப்பா நட்ட மரம். அவனோ அப்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கடவுள் மன்னிப்பார்" என்றேன்.

"அவரு மன்னிச்சிருவாரு. நீங்க?"

"மன்னிச்சேன்டா. உள்ள வந்து தின்னு தொலை. நாளைக்கு மரக்கன்னோட வா."