பெயருக்கு ஒரு பெயர்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் போலீஸ். இணையப் பக்கங்கள் எழுதும் அந்தக் கூட்டத்தில் விதி, ஒழுங்கு என்று ஓயாமல் பேசியவர் அவர் ஒருவர்தான். எழுதியதை ஒரு கருவி தானாகவே சோதிக்க வேண்டும், தப்பிருந்தால் வெளியே விடவே கூடாது என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்.

"நாமளே பாத்துக்க மாட்டோமா?" என்று மற்றவர்கள் முறைத்தார்கள்.

"மனுஷன் மறப்பான், மெஷின் மறக்காது" என்று ஒரே போடாகப் போட்டார்.

எல்லாம் அண்ணனுக்காகத்தான். பிறவியிலேயே பார்வை இல்லாத அண்ணன், திரையில் இருப்பதை செல்போன் வாசிக்கக் கேட்டுத்தான் எதையும் செய்வார். பொத்தானுக்குப் பெயர் எழுதாத பக்கத்தில் அவர் திண்டாடிப் போவார்.

கருவியும் வந்தது. அதை முதலில் ஏமாற்றியவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் போலீஸ்தான். ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கம் அன்று மாலைக்குள் வெளியாக வேண்டும். மேனேஜர் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கிறார். பொத்தான்கள் எல்லாம் வெறும் படங்கள், பெயரே இல்லை என்று கருவி சிவப்பு காட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் யோசித்து எழுதப் பொறுமையில்லாமல், அத்தனைக்கும் 'பொத்தான்' என்றே போட்டுவிட்டார். பெயர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கருவிக்குத் தெரியும். பச்சை காட்டியது. வேலியே பயிரை மேய்ந்தாயிற்று. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அடுத்த வேலை வந்தது, மறந்தே போனார்.

அண்ணனுக்கு இடது காதில் கொஞ்ச நாளாக இரைச்சல். எப்போதாவது வந்துபோகும் பெரிய டாக்டரிடம் காட்ட நாள் வாங்கியிருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று தம்பி கேட்கப் போனால், அண்ணன் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"லிஸ்ட்ல பேரே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்கடா. ஆஸ்பத்திரிப் பக்கத்துல போய் வர்றத உறுதி பண்ணச் சொன்னாங்க. நான் ரத்து பண்ணித் தொலைச்சிருக்கேன்."

"எப்படிண்ணே?"

"திரும்பத் திரும்பக் கேட்டேன். ரெண்டும் 'பொத்தான்'னே கேட்டுச்சு. காது அவ்வளவு மோசமாயிடுச்சு போல. கண்ணு இல்லாததுக்கு நான் அழுததே இல்ல. காதும் போச்சுன்னா என்னடா பண்ணுவேன்?"

அண்ணி கொடுத்த டீயைத் தம்பி கீழே வைத்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் பழி காதோடு போய்விடும். ஒரு நொடி அப்படியும் நினைத்தார். நினைத்ததற்கே கூனிக் குறுகிப் போனார்.

"அண்ணே, உன் காது சரியாத்தான் கேட்டுச்சு. அது ரெண்டுமே அப்படித்தான் சொல்லும். அந்தப் பக்கத்தை எழுதினவன் நான்தான்."

திட்டட்டும் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப நான் கேட்டது சரிதானா?" அண்ணன் தடவித் தடவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏய், இங்க பாரு, என் காதுக்கு ஒண்ணும் ஆகலையாம்!"

அண்ணி சிரிக்கவில்லை.

"டாக்டர் போயிட்டாரே," என்றார், தம்பியைப் பார்த்து.

அண்ணன் இன்னும் கையை விடவில்லை.