அண்ணன் வாங்கிய பெரிய பிரிண்டரும் கூடப் பிறந்த நாங்கள் இருவரும்

எங்கள் அண்ணன் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. திதிக்கு வந்திருந்து சாப்பிட்டுவிட்டு இந்த நினைவுப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் போகும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனின் சிநேகிதர்களுக்கும், கடைக்கு வந்துபோன எல்லோருக்கும் அவருடைய தங்கை நான் கும்பிட்டுச் சொல்லிக்கொள்கிறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் கூடப் பிறந்தது மூன்று பேர். மூத்தவர் அக்கா, நடுவில் அண்ணன், கடைசியில் நான். அக்காவுக்கு அவர் தம்பி, எனக்கு அண்ணன். அவர் யாருக்கு அதிகம் என்பதுதான் நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்கும் அக்காவுக்கும் நடுவில் கிடக்கிற விஷயம். வாய்விட்டு ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் அது என் மனதை விட்டுப் போனதும் இல்லை, இப்போதும் போகவில்லை. அக்கா இதைப் படிப்பார். படிக்கட்டும்.

அண்ணன் பிறந்தது அன்னூருக்குப் பக்கத்தில். கிணறு இல்லாத மானாவாரிக் காடு எங்களுடையது. மழை வந்தால் சோளம், வராவிட்டால் ஒன்றும் இல்லை. அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அண்ணன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கோயமுத்தூர் வந்து ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தார். இருட்டறையில் படம் கழுவி, கயிற்றில் காயப்போடுகிற வேலை. மருந்துத் தண்ணீரில் ஊறி அவர் விரல் நுனியெல்லாம் பழுப்பாக இருக்கும். அந்தக் கையால் சம்பாதித்துத்தான் அக்காவைக் கருமத்தம்பட்டியில் தறிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார். பிறகு தானும் கல்யாணம் கட்டினார். பிறகு எனக்குச் செய்தார்.

அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நின்றவர் அக்கா. மாப்பிள்ளையோடு பிறந்தவளுக்கு எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையின் ஒரு முனை அண்ணனிடம், மறுமுனை அக்கா கையில். கட்டிக்கொடுத்த அக்கா இருக்கும்போது என்னை யார் கேட்பார்கள்? கையில் ஒரு தாம்பாளத்தைக் கொடுத்து என்னை ஓரமாக நிறுத்தினார்கள். நானும் நின்றேன்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அண்ணன் சொந்தமாகப் படம் போடும் கடை வைத்தார். என் வீட்டுக்காரர் இறந்து, பிள்ளையும் இல்லாமல் நான் வந்து நின்றபோது, அண்ணன் மனைவியான எங்கள் நங்கை முகம் சுளிக்கவில்லை. "ஊட்டுல உக்காந்து அழுகாத அம்மணி, கடைக்குப் போயி உங்கண்ணனுக்குக் கூடமாட இரு" என்றார். அன்று போனவள்தான். கடைக்குப் பின்புறம் ஒரு திரை. திரைக்கு உள்ளே இருந்துகொண்டு படங்களை அளவுக்கு வெட்டுவது, லேமினேஷன் போடுவது, உறையில் போட்டு அடுக்குவது என் வேலை. வருகிறவர் கண்ணில் படாத வேலை என்பதால் எனக்கும் பிடித்திருந்தது.

அண்ணன் தொழிலில் ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். இறந்தவர் படத்தைக் கொண்டுவந்து, "அப்பாவக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்க" என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"வெளுப்பாக்குனா பக்கத்து ஊட்டுக்காரர் மாதர ஆயிருவாருங்க. அப்பறம் தெவசத்தன்னிக்கு யாருக்குப் படைப்பீங்க?" என்பார். வந்தவர் சிரித்துவிட்டு இருக்கிறபடியே வாங்கிப்போவார்.

எல்லோரும் போனில் படம் எடுத்துப் போனிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு சின்னப் படத்துக்கு ஆள் வருவது குறைந்துபோயிற்று. சுவரில் மாட்டுகிற பெரிய படம்தான் கேட்டார்கள். எங்கள் கடையில் பெரியது போட வசதியில்லை. வேறு ஒரு இடத்தில் கொடுத்துத்தான் வாங்குவோம். ஒருமுறை ஒரு வீட்டுக் கருமாதிக்குக் கேட்ட படம் அங்கிருந்து நேரத்துக்கு வரவில்லை. வெறும் நாற்காலியில் மாலை போட்டுக் காரியம் செய்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அண்ணன் மத்தியானம் சாப்பிடவில்லை.

"நாமளே பெரிய மிஷினு ஒண்ணு வாங்கிப் போட்டர்லாமுங்கண்ணா" என்று நான்தான் முதலில் சொன்னேன். நான் ஒரு யோசனை சொல்வதே அபூர்வம்.

"பாக்கலாம் அம்மணி" என்றார்.

மறுவாரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றால், கருமத்தம்பட்டிக்கு. அக்காவைக் கேட்க! சாயங்காலம் முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வந்தார்.

"அக்கா வாங்கச் சொல்லிருச்சு" என்றார்.

பக்கத்துக் கண்ணாடிக் கடை பாய் அப்போது அங்கேதான் நின்றிருந்தார். எங்கள் படங்களுக்கெல்லாம் ஃப்ரேம் போடுகிறவர். அவர் திரைப்பக்கம் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்: "கேட்டுக்கிட்டியா தங்கச்சி? நீ சொன்னா அது யோசனை. அக்கா சொன்னா அது உத்தரவு!"

அண்ணனும் சேர்ந்து சிரித்தார். நான் கட்டரை எடுத்து வேலையைப் பார்த்தேன். பணத்துக்கு நங்கை நகையைக் கழற்றிக் கொடுத்தார், மீதிக்கு வங்கியில் கடன். அக்கா கொடுத்தது வாக்கு மட்டும்தான். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிரிண்டர் வந்த நாள். அண்ணன் மிஷினின் அகலத்தை அளந்தாரே ஒழிய அது வரும் மரப்பெட்டியை அளக்கவில்லை. வாசலில் நுழையவில்லை. பெட்டியைத் தெருவிலேயே உடைத்து, பாய் தன் கண்ணாடிகளை நகர்த்தி வழிவிட்டு, ஆறு பேர் தூக்கி வைத்தார்கள். ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு நீளம். நல்ல நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கி முதல் படம் போட வேண்டும். நான் விடிகாலையிலேயே குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டி, சூடம் தேங்காய் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். இந்தத் தடவை கூடப் பிறந்தவள் என்று பக்கத்தில் நான்தானே இருக்கிறேன் என்று ஒரு நினைப்பு.

அக்கா வந்த பஸ் அவினாசி ரோட்டில் பாலம் வேலை நடக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. மிஷின்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாய் பொறுக்க முடியாமல், "ஏனுங்க, தங்கச்சி இங்கதான நிக்குது. அதையே அமுத்தச் சொல்லுங்களேன்" என்றார்.

நான் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"இல்லீங்க பாய், அக்கா வரட்டும். வந்துரும்" என்றார் அண்ணன்.

நல்ல நேரம் முடியப் போகும்போது அக்கா வேர்த்து விறுவிறுத்து, கையில் பூப்பையோடு வந்து சேர்ந்தார். "ஏன்டா கண்ணு, இன்னுமா ஆரம்பிக்கல? எனக்கொசரம் எதுக்கு நிக்கற? இவள அமுத்தச் சொல்றதுதான?" என்று கேட்டுக்கொண்டே போய், தானே அமுக்கினார்.

குலதெய்வம்தான் முதலில் வரும் என்று நான் நினைத்திருந்தேன். மெதுவாகத் தாள் இறங்க இறங்கப் பார்த்தால், அண்ணன் கல்யாணத்து இணைச்சீர்ப் படம். ஆள் உயரத்துக்கு அக்காவும் அண்ணனும். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அட தம்பி, அட தம்பி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். படத்தின் ஓரத்தில் தாம்பாளம் பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது. அது என் கை.

"ஓரத்தை நறுக்கிப்போடு அம்மணி, ஃப்ரேமுக்கு அளவாயிரும்" என்றார் அண்ணன். அவர் அதைக் கவனிக்கவில்லை. தொழில்காரர் கண்ணுக்கு அது ஓரம், அவ்வளவுதான். நான் கட்டரை வைத்து நேராக நறுக்கிக் கொடுத்தேன். அக்கா அதைச் சுருட்டி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனார். இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போனால் நான் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

அந்த மிஷின் எங்கள் பிழைப்பைத் தூக்கி நிறுத்தியது. ஒரு குணம் மட்டும் உண்டு, தினமும் கொஞ்சமாவது ஓட்ட வேண்டும். சும்மா விட்டால் மை காய்ந்து, அதைத் தெளிக்கிற ஹெட் அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் கடைக்குப் போய்த் துண்டுத் தாளில் கலர் கோடுகள் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் சாயங்காலமே திரும்பிவிடுவார். ஊரில் அவரோடு இருக்கக் கிடைப்பதே அந்த ஒரு நாள்தான். அதையும் அது பிடுங்கிக்கொள்கிறதே என்று மிஷின் மேலும் எனக்கு ஆத்திரம் வந்ததுண்டு.

சர்க்கரை முற்றிக் கால் வீங்கி அண்ணன் படுத்த பிறகு நான்தான் ஓட்டினேன். அந்தத் துண்டுத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "நீலத்துல ஒரு கோடு உட்டுப்போயிருக்குது பாரு. இன்னொருக்கா ஓட்டிரு" என்பார். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி போடாமல் பார்த்திருக்கிறார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணனைக் கொண்டுவந்து கிடத்திய அன்று அக்கா அடித்துக்கொண்டு அழுதார். எனக்குச் சத்தம் வராது, எப்போதும் வராது. வந்தவர்கள் எல்லோரும் அக்காவைத்தான் பிடித்துக்கொண்டார்கள், அக்காவுக்குத்தான் தண்ணீர் கொடுத்தார்கள். துக்கத்திலும் அவருக்குத்தான் முதல் இடமா என்று எனக்குப் பட்டது.

காரியம் முடிந்த கையோடு, மை காய்ந்துவிடுமே என்று நான் கடைக்குக் கிளம்பினேன். "இரு, நானும் வாரேன்" என்று அக்காவும் கூட வந்தார். ஷட்டரைத் தூக்கி மிஷினைப் போட்டேன். அக்கா அண்ணனுடைய ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்கதான் உக்காருவானா?"

"ஆமாங்க்கா."

"காப்பி எந்நேரத்துக்குக் குடிப்பான்? சக்கர போட்டா, போடாமயா?"

நான் குனிந்து தாளில் விழுந்த கோடுகளைப் பார்த்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுடி" என்றார் அக்கா. "ஏதாச்சுங் கேக்கோணும்னாத்தான் அவன் என்ர ஊட்டுக்கு வருவான். கேட்டுப்போட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடிருவான். கேக்கறதுக்கு ஒண்ணுமில்லாட்டி வரவே மாட்டான். உன்கூடத்தான் வருசக்கணக்கா சும்மா உக்காந்திருந்தான். நீ குடுத்து வெச்சவ."

இத்தனை வருடமும் அக்காவுக்கு என்மேல் பொறாமை! அதைக் கேட்டபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, சந்தோஷம். துக்க வீட்டுக்குத் திரும்பிப் போய் அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டேன்.

இந்தப் புத்தகத்துக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் அக்காவைக் காட்டினார்கள். அக்காதான், "அவள எழுதச் சொல்லுங்க. அவ எழுதுனாத்தான எனக்கும் தெரியும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

படுக்கையில் கிடந்த அண்ணனை அருவருப்பு இல்லாமல் பார்த்துக்கொண்ட நங்கைக்கு, கடையைத் தன் கடைபோலக் காத்த பாய்க்கு, நடுராத்திரி என்று பாராமல் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்த சந்துக்காரர்களுக்கு, கடன் தவணைக்குப் பொறுத்தவர்களுக்கு, மிஷின் மக்கர் செய்தால் ஓடிவந்த மெக்கானிக்குக்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அக்காவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அன்று அவர் கேட்டதற்கு நான் வாய் திறக்கவில்லை. காப்பிக்குச் சர்க்கரை கிடையாது, டாக்டர் சொல்வதற்கு முன்பிருந்தே கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. அதை நேரில் சொல்ல எனக்கு மனம் வராது. ஆள் வராத மத்தியானங்களில் அண்ணன் என்னோடு சும்மா உட்கார்ந்திருந்தது உண்மைதான். அப்படி உட்கார்ந்திருக்கும்போது, வெட்டிப்போட்ட ஓரத்தாளால் விசிறிக்கொண்டே, "ஏன் அம்மணி, அக்கா இந்நேரம் என்ன பண்ணிட்டிருக்கும்?" என்பார். தினமும் கேட்பார். "தறிக்கு நூல் போட்டுட்டிருக்குமுங்கண்ணா" என்று நானும் தினமும் சொல்வேன்.

இந்த ஒன்றை அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த மத்தியானங்களில் மீதி எல்லாம் எனக்கு.